முள்ளைக் கட்டி ஓட்டிய நாட்கள்

எட்டு மாதம் எனக்கு மூலம் இருந்தது. இருந்தது என்று நான்தான் சொன்னேன், எந்த டாக்டரும் சொல்லவில்லை. கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்ததும் நானே நோயைக் கண்டுபிடித்து, நானே வைத்தியமும் பார்த்துக்கொண்டேன். மோர், வெந்தயம், துத்திக் கீரை. நாள் முழுக்க நின்றுகொண்டே தறி ஓட்டுகிறவளுக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். எங்கள் சந்தில் யாரிடம் சொன்னாலும் அவர்களுக்கும் மூலம் இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

என் பெயர் இந்திரா. வயது நாற்பத்தொன்பது. செல்லூரில், ஆட்டோ நுழைந்தால் திரும்ப முடியாத ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்பாதியில் நாலு விசைத்தறிகள், பின்பாதியில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர் ராஜாங்கம், மகள் தீபா. தீபா ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இதை எழுதச் சொன்னது அவள்தான். "நீ வாயால சொன்னா பாதி திட்டாத்தான்ம்மா இருக்கு. எழுதுனா கொஞ்சம் கொறையும்" என்றாள். குறைகிறதா என்று பார்ப்போம்.

நோயைச் சொல்வதற்கு முன்னால் தறியில் இருக்கும் ஒரு சின்னச் சாமானைச் சொல்லியாக வேண்டும். விசைத்தறியில் நாடா என்கிற கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடிக் குறுக்கே ஊடை நூலைப் போடும். அந்த நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாக நிற்க வேண்டும். அதற்கென்று ஓரத்தில் ஒரு முள் இருக்கும். சாப்பிடுகிற முள்கரண்டி அளவுகூட வராது. ஊடை நூல் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை தறி ஓடும். தொடவில்லையென்றால் முள் தறியை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழசாகிப் போன முள் ஒன்றுமில்லாததற்கும் நிறுத்தும். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் மறுபடி கிளப்ப வேண்டும். நாலு தறியை ஒரு ஆள் பார்க்கும்போது எரிச்சலாக வரும். அதற்கு எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஒரு துண்டு நூலை எடுத்து முள்ளைக் கட்டிவிடுவோம். அதன்பிறகு தறி எதற்கும் நிற்காது. ஊடை அறுந்திருந்தாலும் நீளவாக்கில் இருக்கும் பாவு நூலை மட்டும் வெறுமனே அடித்துக்கொண்டு ஓடும். நாம் பார்த்து நிறுத்தினால்தான் உண்டு. பார்க்காவிட்டால் நெய்கிற துண்டில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழும். இருபத்தாறு வருடமாக நான் முள்ளைக் கட்டித்தான் ஓட்டினேன். எனக்கு எதற்கு முள், என் கண்ணும் கையும் போதாதா என்று பெருமை வேறு.

என் நோயைக் காட்டிக்கொடுத்தது மாநகராட்சித் தண்ணீர். ஒருநாள் குழாயில் தண்ணீர் வராமல் போக, கழிப்பறையில் நான் ஊற்ற முடியாமல் விட்டுவந்ததைத் தீபா பார்த்துவிட்டாள்.

"எத்தன நாளாம்மா இப்படி?"

"மூலம்டி. சரியாப் போகும்."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். உடம்பில் இருக்கவேண்டிய ரத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியதற்கும், துணிச் சுருளைத் தூக்கினால் கண் இருட்டியதற்கும் வயது காரணமில்லை. அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் பெயர் கொலனோஸ்கோப்பி. குழாயைவிட அதற்கு முந்தின நாள் குடிக்கவேண்டிய மருந்துத் தண்ணீர்தான் கொடுமை. குடம் குடமாகக் குடித்தது போல இருந்தது. குடல் கழுவிவிட்ட மாதிரி ஆகிற வரை விடமாட்டார்கள். மறுநாள் காத்திருக்கும் அறையில் என்னைப் போலவே முகம் வற்றிப்போய் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரிடமும் என்ன நோய் என்று கேட்கவில்லை. "நீங்க எம்புட்டுக் குடிச்சீக?" என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு.

பெருங்குடலின் கடைசி வளைவில், மலக்குடலுக்குச் சற்று மேலே கட்டி இருந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து அந்த மருத்துவமனை டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் புற்றுநோய் என்று சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. பயமும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தீபாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். வீட்டுக்கு வந்ததும் ஏணியைப் போட்டு ஏறி, இரண்டு வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த பின்கட்டு மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார். நான் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்காத மனிதர். ஏணியிலிருந்து இறங்கும்போது அவர் கண் சிவந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் ஒரு பெண் கையில் காகிதங்களோடு என் கட்டிலருகே வந்து நின்றாள். பெயர் மலர்விழி. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவள் அப்பா கூலிக்குப் போன அதே வயலை இப்போது குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறாராம். அவள் குடல் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

"அக்கா, நாளைக்கு வெட்டி எடுக்கிற கட்டியில ஒரு சின்னத் துண்டு, அப்புறம் கொஞ்சம் ரத்தம், எங்க ஆராய்ச்சிக்குக் குடுப்பீகளா? குடுக்காட்டியும் உங்க வைத்தியம் ஒண்ணும் கொறையாது."

"குடுத்தா எனக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. உங்களுக்கு நேரடியா எந்தப் பிரயோஜனமும் இல்ல. அதைச் சொல்லாம நான் கையெழுத்து வாங்கக்கூடாது."

இவ்வளவு நேர்மையாக ஒருத்தி கேட்கும்போது எப்படி மறுப்பது? எப்படியும் தூக்கி எறியப்போகிற சாமான், எடுத்துக்கொள் என்று கையெழுத்துப் போட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அரை முழம் குடலை எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். வெட்டியெடுத்ததோடு நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். உடம்பில் நிணநீர் ஓடும் பாதையில் இருக்கும் சின்னச் சின்ன மணிகள் அவை. நோய் பரவக் கிளம்பினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய் உட்காரும். எனக்கு எடுத்த பதினான்கில் இரண்டில் இருந்தது. ஈரல், நுரையீரல் எல்லாம் சுத்தம். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கலாம் என்பதால் எட்டுச் சுற்று மருந்து என்றார் டாக்டரம்மா. எனக்கு அன்றைக்கு ஒன்றுதான் மனதில் பதிந்தது. எட்டையும் முடிக்க வேண்டும். முடித்தால் பிழைப்பேன், குறைத்தால் திரும்ப வரும். அவர் அப்படிச் சொல்லவில்லை. நானாக அப்படி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் தூங்கவேண்டும் என்று வீட்டுக்காரர் நாலு தறியையும் நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. இருபத்தாறு வருடமாகக் கேட்ட சத்தம் இல்லாமல் வீடே வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஏங்க, ஒரு தறியவாச்சும் ஓட்டுங்க."

"சத்தமா இருக்காதா?"

"இல்லாமத்தான் தூங்க முடியல."

அவர் முதல் தறியைக் கிளப்பினார். நான் சாயங்காலம் வரை தூங்கினேன்.

மருந்து இப்படி: ஒரு சுற்று மூன்று வாரம். முதல் நாள் மருத்துவமனையில் நரம்பில் ஊசி குத்தி இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். பிறகு வீட்டில் பதினான்கு நாள் காலையும் மாலையும் மாத்திரை. கடைசி ஏழு நாள் ஓய்வு. சொட்டு மருந்து ஏறிய பிறகு குளிர்ந்த எதைத் தொட்டாலும் கரண்ட் அடித்த மாதிரி விரல் சுண்டும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கத் தீபா எனக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கிவந்தாள். மதுரை வெயிலில் கம்பளி உறையோடு நின்ற என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கொடைக்கானலுக்கா கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள்.

மாத்திரை கொடுக்கும்போது சிஸ்டர் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். "வயித்தால போறது வழக்கத்தவிட நாலு தடவைக்கு மேல கூடுச்சுன்னா மாத்திரைய நிறுத்திட்டு உடனே போன் பண்ணுங்க. உள்ளங்கை வெடிச்சாலும் அப்படித்தான். நீங்களா சமாளிக்கக் கூடாது." தீபா ஒரு நோட்டுப் போட்டாள். தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, காலைக் கழுவினதும் அதை எடுத்துக்கொண்டு உட்கார்வாள். காய்ச்சல் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, வயிற்றால் போனது எத்தனை தடவை. நான் சொல்ல அவள் எழுதுவாள்.

முதல் இரண்டு சுற்றும் தள்ளாட்டம், வாந்தி என்று போனது. மூன்றாவது சுற்றில் ஆறாம் நாள் வயிறு பிடுங்கிக்கொண்டது. அன்றைக்கு ஐந்து தடவை.

"எத்தன தடவைம்மா?"

"ரெண்டு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. 'நிறுத்து' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. நிற்கிற தறி எனக்குத் தறி இல்லை. மாத்திரையை நிறுத்தினால் நோய்க்கு இடம் கொடுத்த மாதிரி, ஓடுகிற வரை ஓட்டிவிட்டால் முடிந்தது என்று மனம் கணக்குப் போட்டது. மறுநாள் ஆறு. அதற்கடுத்த நாளும் ஆறு. பிறகு எட்டு, ஒன்பது. நோட்டில் எல்லா நாளும் இரண்டு. வீட்டுக்காரர் ஒருநாள், "அடிக்கடி உள்ள போறியே?" என்று கேட்டார். வேர்க்கிறது, முகம் கழுவப் போகிறேன் என்றேன். தறிச் சத்தத்தில் அவருக்கு வேறொன்றும் கேட்கவில்லை.

பதினான்காம் நாள் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு ஜெயித்த மாதிரி நிமிர்ந்தேன். இரண்டாவது தறிக்கும் மூன்றாவது தறிக்கும் நடுவே நடந்துபோனது ஞாபகம் இருக்கிறது. தரை மேலே வந்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார். நாலு தறியும் ஒன்றாக நின்றது மட்டும் காதில் விழுந்தது.

உடம்பில் தண்ணீர் வற்றி, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் ஊசி. டாக்டரம்மா தீபாவின் நோட்டைப் புரட்டினார்.

"இதுல எல்லா நாளும் ரெண்டுன்னு இருக்கு. எப்ப ஆரம்பிச்சது?"

"நேத்துத்தான் டாக்டரம்மா."

படுத்த படுக்கையிலும் பொய். எட்டுச் சுற்றையும் முடிக்க விடமாட்டார்கள் என்ற பயம் அப்படி. ஆனால் அந்தப் பொய் நான் நினைத்த பக்கம் போகவில்லை. டாக்டரம்மாவின் முகம் மாறியது. சில பேர் உடம்புக்கு இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பிறவியிலேயே குறைவாக இருக்கும் என்றார். "ஒரே நாள்ல இம்புட்டு மோசமாப் போயிருக்குன்னா, உங்களுக்கும் அப்படி இருக்குமோன்னு சந்தேகப்பட வேண்டியிருக்கு. அப்படின்னா இந்த மாத்திரைய இனி தொடவே கூடாது. வேற என்ன செய்யலாம்னு நான் யோசிக்கணும். ஆனா இந்தப் பலன் அதுல கிடைக்குமான்னு சொல்ல முடியாது."

அவர் போன பிறகு தீபா என் காலைத் தடவிக்கொண்டே அழுதாள். நான் சுவரைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னாலும் நிறுத்துவார்கள், சொல்லாவிட்டாலும் நிறுத்துவார்கள் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மலர்விழி வந்தாள். சிகிச்சையின் நடுவில் ஒருமுறை ரத்தம் எடுப்பதாக முன்பே பேச்சு. "இப்ப வேண்டாம்க்கா, நீங்க தேறி வந்தப்புறம் எடுத்துக்கிறேன். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். தீபா காப்பி வாங்கப் போயிருந்தாள். எனக்கும் யாரிடமாவது என் நோயைத் தவிர வேறு எதையாவது பேசவேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது நோய்தான்.

"என் சதைய எடுத்துட்டுப் போனியே பாப்பா. அதுல என்னதான் தேடுற?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நம்ம செல்லு ஒவ்வொண்ணுக்குள்ளயும் உடம்புக்கான மொத்த டிசைனும் இருக்குக்கா. டி.என்.ஏ.ன்னு சொல்வாக. அந்த டிசைன வெளிய எடுக்க முடியாது. தேவையான பகுதிய மட்டும் ஒரு சீட்டுல காப்பி எடுத்து அனுப்பும். அந்தச் சீட்டப் பாத்துத்தான் புரதம் தயாராகும்."

"ஆர்டர் சீட்டு மாதிரி."

"அதேதான். நான் தேடுறது மைக்ரோ ஆர்.என்.ஏ. ரொம்பச் சின்னது. இருபத்திரெண்டு எழுத்து இருந்தா அதிகம். அது தன்னால எந்தப் புரதத்தயும் செய்யாது. அந்தச் சீட்டுல போய் ஒட்டிக்கிட்டு, போதும் நிறுத்துன்னு சொல்லும். இல்லன்னா சீட்டையே கிழிக்க வச்சிரும். அம்புட்டுத்தான் அதோட வேலை."

"நிறுத்துறது மட்டுமா?"

"பெரும்பாலும் அதுதான். ஒரு காலத்துல இதெல்லாம் குப்பைன்னு நெனச்சாகளாம். இப்பத்தான் தெரியுது, இது சரியா நிறுத்தலன்னா எல்லாம் போச்சு. செல்லு வளரு, பெருகுன்னு சொல்ற சீட்டு அளவா இருக்கணும்ல? அந்தச் சீட்ட அடக்கி வைக்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் குடல் புத்துநோய்க் கட்டியில நெறைய கொறஞ்சு போயிருது. நிறுத்த ஆள் இல்ல. செல்லு பாட்டுக்குப் பெருகிக்கிட்டே போகுது."

என் முதுகு நிமிர்ந்தது. தறி, நாடா, முள் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் தறியைக் கிட்டப் பார்த்ததில்லை. ஊசி குத்தாத பக்கத்து விரல்களை மடக்கி முள்போல வைத்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சரி, பரவுறது எப்படி? எனக்கு நிணநீர் முடிச்சு ரெண்டுல இருந்துச்சே."

"குடல் செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கையக் கோத்துக்கிட்டு இருக்கும். கையவிடச் சொல்ற சீட்டும் செல்லுக்குள்ள உண்டு. அத எழும்ப விடாம அடக்கி வைக்க ஒரு கூட்டம் இருக்கு. இதுகளுக்கெல்லாம் பேரு கெடையாது, நம்பர்தான். அந்தக் கூட்டத்துக்கு இருநூறாம் நம்பர் குடும்பம்னு பேரு. அதுக கொறைஞ்சா செல்லு கையவிட்டுட்டு நகர ஆரம்பிக்கும். நிணநீர்ல ஏறும், ரத்தத்துல ஏறும், ஈரல் வரைக்கும் போகும்."

"எல்லாமே நல்லதுகதானா?"

"அதுதான் இல்ல. இருபத்தொண்ணாம் நம்பர்னு ஒண்ணு இருக்கு. கட்டியில அது மட்டும் கூடிப்போயிருது. அது எதப் போய் நிறுத்துதுன்னு நெனைக்கிறீக? வளர்ச்சியத் தடுக்கிற புரதத்தோட சீட்டத்தான்."

"நிறுத்துறவனையே நிறுத்துது."

"ஆமாக்கா."

"அது எங்க சந்துல எல்லா வீட்லயும் இருக்கு. முள்ளக் கட்டுற நூலு."

"ஓரளவு சரிதான்க்கா. முழுசா சரியில்ல. தறியில ஒரு முள்ளு. இங்க நூத்துக்கணக்குல இருக்கு, ஒண்ணே பல சீட்டப் பாக்கும். எது காரணம், எது விளைவுன்னு எங்களுக்கே பல இடத்துல இன்னும் தெரியல."

மருந்து கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். இவை ரத்தத்திலும் மலத்திலும் கெடாமல் கிடைக்கின்றன, அதனால் குழாய் விடாமலே நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று பல இடங்களில் பார்க்கிறார்கள், ஆனால் என் மாதிரி நோயாளியின் கைக்கு வந்துசேர இன்னும் வேலை இருக்கிறது என்றாள். என் கட்டியில் எது குறைந்தது, எது கூடியது என்று தனியாகச் சொல்லமாட்டாளாம். அது விதி. "வாரேன்க்கா" என்று எழுந்து போனாள்.

அவள் போனபிறகு எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. என் குடலில் ஒரு கூட்டம் செல்கள் நிறுத்துகிறதை எல்லாம் அமுக்கிவிட்டு ஓடியதால்தான் நான் இங்கே கிடக்கிறேன். அதை அழிக்கக் கொடுத்த மருந்துக்கும் ஒரு முள் வைத்துத்தான் கொடுத்தார்கள். நாலு தடவைக்கு மேல் போனால் நிறுத்து என்று மூன்று முறை சொன்னார்கள். நான் அதையும் கட்டினேன். அதுவும் என் பிள்ளையின் கையாலேயே, இரண்டு இரண்டு என்று எழுதவைத்துக் கட்டினேன். ரத்தத்தை மூலம் என்று எட்டு மாதம் சொன்னதும் இதே புத்திதான். இனிமேல் டாக்டரம்மா மருந்தை மாற்றினாலும் சரி, மொத்தமாக நிறுத்தினாலும் சரி, அது என் பொய்யை வைத்து இருக்கக்கூடாது.

தீபா காப்பியோடு வந்தாள். "அந்த நோட்ட எடு" என்றேன். எடுத்தாள்.

"அதுல இருக்கிறது பொய்யி. நான் பொய் சொன்னேன்."

அவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆறாம் நாள் பக்கத்தைத் திறந்து, 'ரெண்டு' என்று எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டாள்.

"அன்னைக்கு எத்தன?"

"அஞ்சு."

"மறுநாள்?"

"ஆறு."

ஒன்பது நாளும் கேட்டாள். ஒன்பது நாளும் சொன்னேன். கடைசிப் பக்கத்தை முடித்து நோட்டை மூடினாள். "நான் உன்ன நம்பித்தானம்மா எழுதுனேன்" என்றாள். ஆறிப்போன காப்பியை அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்ததும் நான் முந்திக்கொண்டு சொன்னேன். திருத்திய நோட்டை வாங்கிப் படித்தார். அறை முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினார். உங்களை நம்பித்தான் நான் மருந்தளவு போடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு என்ன ஜோசியமா தெரியும் என்றார். எனக்கு அந்தத் திட்டு தேவைப்பட்டது. பிறகு நோட்டை மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒன்பது நாளா இழுத்திருக்கீங்க. ஆறாம் நாளே நிறுத்தியிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டீங்க. ரத்தப் பரிசோதனை ஒண்ணு பாக்குறேன். பிறவிக் குறை இல்லன்னா, அளவக் கொறச்சு இதே மருந்தத் தொடரலாம்."

"எட்டையுமா?"

"எட்டையும்தான் பார்ப்போம். ஆனா அடுத்தது ரெண்டு வாரம் தள்ளித்தான்."

"அதுக்குள்ள பரவிட்டா?"

"ரெண்டு வாரத்துல ஒண்ணும் கெட்டுப் போகாது. நீங்க செத்துப் போனாத்தான் கெட்டுப் போகும்."

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வயிற்றில் தையல் போட்ட தழும்பு இழுத்தது.

பரிசோதனையில் குறை இல்லை. குறைந்த அளவோடு நாலாவது சுற்று தொடங்கியது. ஐந்து, ஆறு. ஆறாவதில் உள்ளங்கை சிவந்து, பத்தாம் நாள் வெடித்தது. சாயங்காலம் தீபா வரும்வரை காத்திருக்கவில்லை. நானே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "சிஸ்டர், செல்லூர் இந்திரா பேசுறேன். கை வெடிச்சிருச்சு. மாத்திரைய நிறுத்தவா?" நிறுத்துங்கள் என்றார். மிச்சமிருந்த மாத்திரைகளை டப்பாவோடு வீட்டுக்காரர் கையில் கொடுத்து, என் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன். அறுவை சிகிச்சைகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர் டப்பாவை ஏணி போட்டு ஏறி வைத்தார். பிறகு தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, என் இரண்டு உள்ளங்கையிலும் தடவிவிட்டார்.

எட்டாவது சுற்று முடிந்து போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதைக்கு எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. இப்போதைக்கு என்பதை டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், அவ்வப்போது ஸ்கேன், வருடம் கழித்துக் குழாய். எல்லாவற்றுக்கும் போவேன். மலர்விழிக்குக் கடைசி ரத்தத்தையும் கொடுத்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது என்னைப் போல எட்டு மாத மூலம் இருந்தால், மோரை வைத்துவிட்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். வெட்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், திட்டித் தீர்த்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. சொட்டு மருந்தால் விரல் நுனி மரத்துப்போனது. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தொட்டே என்ன நூல் என்று சொல்வேன். இப்போது கையில் நூல் இருக்கிறதா இல்லையா என்பதே பார்த்தால்தான் தெரிகிறது.

போன வாரம் கத்தரிக்கோலோடு தறிக்கூடத்துக்குப் போனேன். முதல் தறியில் முள்ளைக் கட்டியிருந்த நூலை வெட்டினேன். எண்ணெயும் பஞ்சுத்தூசும் ஏறி அது கறுத்துப் போயிருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிமிசத்துக்கு நிமிசம் நிக்கும் புள்ள."

"பழசாப் போன முள்ள மாத்துவோம். நிக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நாலையும் ஓட்டிவிட்டார். கால்மணி நேரம் ஓடியிருக்கும். மூன்றாவது தறி நின்றது. இவர் என்னைப் பார்த்தார், சொன்னேனே என்கிற மாதிரி. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஊடை உண்மையாகவே அறுந்திருந்தது. துணியில் ஒரு இழைகூடப் பிசகவில்லை.

நாடாவை எடுத்து அதன் கண்ணில் நூலைக் கோத்தேன். மரத்த விரல், மூன்று தடவை நழுவியது. அவர் உதவிக்குக் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். நாலாவது தடவை நூல் நுழைந்தது. நாடாவை வைத்துக் கைப்பிடியை நான்தான் இழுத்தேன்.